‘நன்றி’க்கு எத்தனை எழுத்து?

கேள்வி: தமிழுக்கு 247 எழுத்து. கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒதுக்கியதோ 128 இடம். மிச்சமெல்லாம் எங்கே குடியிருக்கும்?

பதில்: ஒண்டுக்குடித்தனம்தான்! 128 இடத்திலேயே பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பியிருக்கிறது. உயிருக்கும் அகர உயிர்மெய்க்கும் சொந்த வீடு உண்டு; ‘கி’, ‘கு’ போன்றவை ‘க’ வீட்டில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு காலம் தள்ளுகின்றன.

வில்லங்கம் எண்ணும்போது வரும். ‘நன்றி’ மூன்றெழுத்து என்பார் தமிழாசிரியர். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் ஐந்து என்னும்: ந, ன, புள்ளி, ற, இகரக் கொக்கி. அதையே திருப்பிப் போடச் சொன்னால், துணையில்லாத கொக்கி முதலில் வந்து புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

‘கொ’வின் கதை இன்னும் சுவாரசியம். அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கோ அந்நியர்கள். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத மென்பொருளில் ‘கொக்கு’ தேடினால், கொக்கு கண்ணெதிரே நின்றாலும் சிக்காது.

எழுத்துக்கு ஒரு வீடு தரும் ‘டேஸ் 16’ முறையையும் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்தது. கைப்பேசிகளோ இன்றும் ஒண்டுக்குடித்தனத்தில்தான்.