ஏழடி ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம்

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஆளோ பணமோ வாங்கிக்கொள்வதற்கு ‘டிரேட்’ என்று கௌரவமான பெயர். கோட் சூட் போட்டவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், பத்திரிகையாளர்கள் குறித்துக்கொள்வார்கள். நம் தெருக்களில் இதே தொழிலை ஒருவர் சைக்கிளில் வந்து, ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவியே செய்துவிட்டுப் போனார். ஒரு வித்தியாசம் உண்டு. நாம் போட்டது ஓட்டை அண்டா. ஃபிலடெல்ஃபியா நகரம் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே அண்டாவைத் தூக்கிப் போட்ட ஊர்.

கதை வில்ட் சேம்பர்லினிடமிருந்து தொடங்குகிறது. 1936-ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். உயரம் 7 அடி 1 அங்குலம். ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆடுவதைப் பார்த்த உள்ளூர் வாரியர்ஸ் அணியின் முதலாளி எடி காட்லீப்புக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. உள்ளூர்க் கல்லூரியில் படிக்கும் பையனை உள்ளூர் அணி முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். பையனோ கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். காட்லீப் அசரவில்லை. கான்சஸில் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகின் அணியே கிடையாது, ஆகவே பையன் பள்ளியில் படித்த ஊருக்கே பாத்தியதை என்று வாதாடி 1955-லேயே துண்டு போட்டுவிட்டார். பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவது தெரியும். நான்கு வருடம் கழித்து வரப்போகும் பஸ்ஸுக்குப் போட்டவர் இவர் ஒருவர்தான்.

1959-ல் வில்ட் வந்தார். 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி. 1962 மார்ச் 2 அன்று, சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி இல்லை. ஒரு தாளில் ‘100’ என்று எழுதிக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படம்தான் இன்றுவரை பேர்போன சாட்சி. நிக்ஸ் தரப்பில் அவரைத் தடுக்க வேண்டிய நடு ஆட்டக்காரர் டேரல் இம்ஹாஃப். ஃபவுலுக்கு மேல் ஃபவுல் வாங்கி, 20 நிமிடம்தான் களத்தில் நின்றார். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா வைத்துக்கொள்ளவில்லை.

100 புள்ளி அடித்த ஆளை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. முடிவெட்டும் கடையிலும் வீட்டு வாசற்படியிலும் இரண்டு கட்சி. ‘இவன் அடிக்கிறான், கோப்பையை பாஸ்டன் அல்லவா தூக்குகிறது’ என்பது ஒரு கட்சி. ‘கூட ஆடுகிற நாலு பேரும் வேடிக்கை பார்த்தால் இவன் என்ன செய்வான்’ என்பது மறு கட்சி. பஞ்சாயத்து முடியுமுன்பே காட்லீப் ஒரு முடிவு கட்டினார். 1962-ல் அணியையே 8,50,000 டாலருக்கு விற்றார். அது சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. ஆட்டக்காரரை விற்றால் ரசிகன் திட்டுவான். அணியையே விற்றால் திட்டுவதற்கு வாசலும் இருக்காது. தொழில் தெரிந்தவர்.

அடுத்த வருடம் சிரக்யூஸ் நகரத்து அணி இடம்பெயர்ந்து வந்து, 1776 சுதந்திரப் பிரகடனத்தின் நினைவாக ‘செவன்டி சிக்ஸர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. அதே நேரம் சான் ஃபிரான்சிஸ்கோவில் வில்ட்டின் வண்டி சரியாக ஓடவில்லை. 1964-ல் இறுதிச் சுற்று வரை போய் பாஸ்டனிடம் தோற்றார்கள். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றுக் கோளாறு, அணிக்குத் தோல்விக் கோளாறு. கூட்டம் வரவில்லை, சம்பளம் மட்டும் மாதா மாதம் வந்து நின்றது. 1965 ஜனவரியில், ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்த இரவு, செயின்ட் லூயிஸில் ஓர் உணவகத்தில் பேரம் படிந்தது. வில்ட் ஃபிலடெல்ஃபியாவுக்கு. பதிலுக்கு கானி டெர்க்கிங், பால் நியூமன், லீ ஷாஃபர் என்ற மூன்று பேர், கூட 1,50,000 டாலர். இதில் ஷாஃபர், ‘எனக்கு ஆட்டமே வேண்டாம்’ என்று ஓய்வு பெற்றுவிட்டார். ஆக மூன்று பழத்தில் ஒன்று கொட்டை. சான் ஃபிரான்சிஸ்கோ அந்தப் பருவத்தை 17 வெற்றி, 63 தோல்வியோடு முடித்தது. இந்த ஒரு தடவைதான் பேரீச்சம்பழம் அடுத்தவன் கைக்குப் போனது. ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் இதையே தங்கள் சாமர்த்தியத்துக்கு நிரந்தரச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம்.

ஊருக்குத் திரும்பிய பிள்ளைக்கு ஆரத்தி எடுத்தார்களா? எடுத்தார்கள், கற்பூரம் அணைவதற்குள் குறையும் சொன்னார்கள். குடியிருப்பது நியூயார்க்கில், ஆட மட்டும் இங்கே வருகிறார் என்றார்கள். உண்மைதான். ஃபவுலுக்குப் பதிலாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் போடத் தெரியவில்லை என்றார்கள். அதுவும் உண்மை. ஹெர்ஷியில் அவர் பந்தை இரு கையாலும் கீழிருந்து வீசி 32-ல் 28 போட்டிருந்தார்; பிறகு அப்படி வீசினால் ஆண்மைக்கு அழகில்லை என்று தோன்றி விட்டுவிட்டார். 1967-68-ல் 100-க்கு 38. மைதானத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தொப்பைக்காரர்கூட அவருக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். சம்பளம் 1,00,000 டாலர் என்ற செய்தி வந்ததும் வயிறு எரிந்தது வேறு விஷயம். அதைக் கேட்ட பாஸ்டனின் பில் ரஸ்ஸல் எனக்கு 1,00,001 வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். அந்த ஒரு டாலருக்கு அவர் என்ன வாங்கினார் என்று வரலாறு பதிவு செய்யவில்லை. வில்ட்டின் மன அமைதியைத்தான் வாங்கியிருப்பார்.

1966-67-ல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹன்னம், ‘நீ கொஞ்சம் குறைத்து அடி, மற்றவர்களுக்குக் கொடு’ என்றார். வில்ட் கேட்டார். அணி 68 வெற்றி, 13 தோல்வி. எட்டு வருடமாகத் தொடர்ந்து கோப்பை தூக்கிய பாஸ்டனை 4-1 என்று அனுப்பிவிட்டு, இறுதியில் தன்னை விற்ற அதே சான் ஃபிரான்சிஸ்கோவை 4-2 என்று முடித்தார். ஊர் ஒரு கோடைகாலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது.

மறு வருடம் அவர் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு, பந்து கொடுத்து உதவுவோர் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். 702 தடவை. உடனே வாசற்படிக் கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தன. முன்பு ‘எல்லாவற்றையும் இவனே அடிக்கிறான்’ என்றவர்கள் இப்போது, ‘அடிக்கவே மாட்டேன் என்கிறானே’ என்றார்கள். புத்தம் புதிய ஸ்பெக்ட்ரம் அரங்கின் கூரை அந்தக் குளிர்காலத்தில் காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போனது. சகுனம் பார்க்கிறவர்கள் அப்போதே மூட்டை கட்டியிருப்பார்கள். பாஸ்டனோடு 3-1 என்று முன்னிலையில் இருந்த அணி, அடுத்த மூன்றையும் வரிசையாகத் தோற்றது. என்.பி.ஏ. வரலாற்றில் அப்படித் தோற்ற முதல் அணி இதுவே. ஏழாவது ஆட்டத்தில் 100-96. அதன் இரண்டாம் பாதி முழுக்க வில்ட் கூடையை நோக்கிப் போட்டது இரண்டே இரண்டு தடவை. பந்து தன் கைக்கு வரவில்லை என்பது அவர் தரப்பு. கேட்டு வாங்கக் கூடாதா என்பது ஊர்த் தரப்பு. ஃபிலடெல்ஃபியாவில் இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆனால் அவர் போனதற்குக் காரணம் அந்த இரண்டு தடவை அல்ல. அணியின் இரு முதலாளிகளில் ஒருவர் ஐக் ரிச்மன். வில்ட்டுக்கு வக்கீல், நண்பர். அணியில் உனக்குப் பங்கு தருகிறேன் என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார் என்பது வில்ட்டின் வாதம். 1965 டிசம்பரில், பாஸ்டனில் களத்தோரம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே ரிச்மன் மாரடைப்பில் இறந்துபோனார். இன்னொரு முதலாளி இர்வ் காஸ்லாஃப், ‘அப்படி எதுவும் எனக்குத் தெரியாது’ என்றார். நம்மூரில் அண்ணன் தம்பி நிலத்தகராறே இப்படித்தான் தொடங்கும். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, சொன்னவர் மேலே போய்விட்டார். ரசிகர்கள் ஃப்ரீ த்ரோவைப் பற்றித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது பாகப்பிரிவினை.

ஹன்னமும் வேறு வேலைக்குக் கிளம்பினார். 1968 ஜூலையில் வில்ட்டை லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ், டேரல் இம்ஹாஃப். ஆம், அதே இம்ஹாஃப். ஹெர்ஷியில் எவர் தலைக்கு மேலே 100 விழுந்ததோ அவரையே, அந்த 100-ஐப் போட்டவருக்கு ஈடாக வாங்கினார்கள். இம்ஹாஃபைக் குறை சொல்ல மாட்டேன், ஒழுங்காக ஆடியவர், ஆல்-ஸ்டார் ஆட்டம் வரை போனவர். கிளார்க்கும் நல்ல ஆட்டக்காரர். சேம்பர்ஸ் அப்போது ராணுவ சேவையில் இருந்தார். பழம் வருவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. கடைக்காரர் முகத்தில்கூட ஒரு கூச்சம் தெரிந்திருக்கும்.

‘ஒருத்தன் போனான், மூன்று பேர் வந்தார்கள், கணக்குப்படி லாபம்’ என்று சொன்னவர்களும் ஊரில் இருந்திருப்பார்கள். எந்த ஊரிலும் இருப்பார்கள். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலீஸிலும் ஓர் அசம்பாவிதம் நடந்ததால் அவர்கள் வாய்க்குக் கொஞ்சம் அவல் கிடைத்தது. 1969 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்துக்கு முன்பே லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக் வெற்றிக் கொண்டாட்டத்துக்காக அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டார். எப்போது விழும், எந்த பேண்டு வாசிக்கும் என்று அச்சடித்த தாள் வேறு. அந்தத் தாள் ரஸ்ஸல் கைக்குப் போனது. முடிவு 108-106, பாஸ்டனுக்கு. முழங்காலில் அடிபட்டு வெளியே வந்த வில்ட், திரும்ப உள்ளே போகிறேன் என்று கேட்டும் பயிற்சியாளர் விடவில்லை. பலூன்கள் மேலேயே இருந்தன. ஆனாலும் 1971-72-ல் அதே லேக்கர்ஸ் வரிசையாக 33 ஆட்டம் ஜெயித்து, 69-13 என்று பருவத்தை முடித்துக் கோப்பையும் வாங்கியது. மறு பருவம் ஃபிலடெல்ஃபியாவின் கணக்கு: 9 வெற்றி, 73 தோல்வி. புதுப் பயிற்சியாளர் ராய் ரூபின் 51 ஆட்டத்தில் 4 ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இதற்குப் பிறகு நகரம் திருந்தியது போலத்தான் தெரிந்தது. 1976-ல், என்.பி.ஏ.-வில் சேரக் கட்ட வேண்டிய கப்பத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நெட்ஸ் அணியிடமிருந்து ஜூலியஸ் எர்விங்கை 30 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 1982-ல் ஹியூஸ்டனிலிருந்து மோசஸ் மலோன். 1983-ல் பிளே-ஆஃப் தொடங்கும் முன் ஒவ்வொரு சுற்றையும் நாலே ஆட்டத்தில் முடிப்போம் என்று கணித்தார் மோசஸ். ஓர் ஆட்டம்தான் தவறியது. கோப்பை வந்தது.

வந்த கையோடு பழைய புத்தியும் வந்தது. அப்போதைய முதலாளி ஹெரால்ட் கேட்ஸ், உடல் எடையைக் குறைத்துத் தரும் நியூட்ரிசிஸ்டம் நிறுவனத்தால் பணக்காரரானவர். 1986 ஜூன் 16 அன்று, ஒரே நாளில், அணியின் எடையையும் குறைத்தார். மோசஸை வாஷிங்டனுக்கு அனுப்பி ஜெஃப் ரூலண்டை வாங்கினார். ரூலண்டின் முழங்கால் அந்தப் பருவத்தில் 5 ஆட்டத்தோடு சரி. அன்றே, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும், மறுநாள் நடக்கவிருந்த டிராஃப்டின் முதல் இடத்தையும் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்தார், பதிலுக்கு ராய் ஹின்சனும் கொஞ்சம் பணமும். அந்த முதல் இடத்தில் கிளீவ்லாண்டு எடுத்த பிராட் டாகர்ட்டி ஐந்து தடவை ஆல்-ஸ்டார். ஹின்சன் 1988 ஜனவரியிலேயே வேறு ஊர்.

அந்த முதல் இடம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கூத்து. 1979-ல் ஜோ பிரையன்ட் என்ற ஆட்டக்காரரை சான் டியகோவுக்குக் கொடுத்து, ஏழு வருடம் கழித்து முதிரும் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த டெபாசிட் முதிர்ந்த நாளில்தான் அதை ஹின்சனாக மாற்றினார்கள். ஜோ போகும்போது கையில் ஒரு வயதுப் பையன் இருந்தான். பெயர் கோபி.

அணியின் அடுத்த நட்சத்திரம் சார்லஸ் பார்க்லியின் கதையை நீட்டத் தேவையில்லை. 1992 ஜூனில் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தார்கள். வழக்கம்போல மூன்று பேர்: ஜெஃப் ஹார்னசெக், டிம் பெர்ரி, ஆண்ட்ரூ லாங். பார்க்லி மறு வருடமே லீகின் சிறந்த ஆட்டக்காரர், அணியை இறுதிச் சுற்றுக்கும் கொண்டுபோனார். ஃபிலடெல்ஃபியா 26-56. வந்த மூவரில் உருப்படியானவர் ஹார்னசெக். ஆகவே அவரை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. 1994 பிப்ரவரியில் யூட்டாவுக்கு அனுப்பி, ஜெஃப் மலோனை வாங்கினார்கள். அந்த நேரத்தில் மோசஸ் மலோனும் 38 வயதில், வயதான காலத்தில் பிறந்த வீட்டுக்கு வந்தவர் போல மறுபடி ஃபிலடெல்ஃபியாவில்தான் இருந்தார். ஆக ஒரே அணியில் இரண்டு மலோன்கள், பருவ முடிவில் 25-57. ஹார்னசெக் போய் இறங்கிய யூட்டாவில் ஒரே ஒரு மலோன்தான். அவர் பெயர் கார்ல். அந்த ஒரு மலோனோடு ஹார்னசெக் இரண்டு முறை இறுதிச் சுற்று ஆடிவிட்டார்.