மடியில் டிஸ்க்

சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் சாயர்புரம் பஸ் ஏறினால் ஜன்னலோரத்தில் ஓர் ஆளைப் பார்க்கலாம். மடியில் மஞ்சப்பை. நிற்கிறவர்களின் கூடை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். தன் பையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இரண்டு கையாலும் பையை அந்தரத்தில் தூக்கிப் பிடிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் மக்ரூன் நொறுங்கிவிடும் என்று பயப்படுகிறார் போலும் என நினைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸின் பதினெட்டு வருஷக் கணக்கு.

இவர்தான் பேக்கப் அண்ணாச்சி. ஷிப்பிங் கம்பெனி, உப்புக் கம்பெனி, லாரி ஷெட் என்று எங்கே நுழைந்தாலும் இந்த ரகத்தில் ஒருவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் கணக்கர் என்று இருக்கும். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. 'போனால் வராது' என்பது மட்டும் தெரிந்தவர். அந்தப் பயம்தான் தகுதி.

எங்கள் ஆபீஸ் அண்ணாச்சியின் ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கர்ச்சீப். அதன்மேல் பட்டுச்சேலை வாங்கினபோது வந்த பிளாஸ்டிக் கவர். அப்புறம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்குள் ஏழெட்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஆபீஸில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் பொட்டலம் அண்ணாச்சிக்குப் போய்விட வேண்டும், அது எழுதாத சட்டம். "உப்புக்காத்து, தம்பி. உப்பளத்துப் பக்கம் ஆணியே ஒரு வருசத்துல பொடியாகிப் போகுது. இதுல ஊசி ஊசியா என்னென்னமோ இருக்குல்லா?" என்பார். மறுக்க முடியாது.

டிஸ்க்குக்குள்ளே போனால் வேறு உலகம். ஃபோல்டர்களுக்குத் தேதி கிடையாது. 'அசனத்துக்கு முந்தின சனி', 'மாதா கோயில் கொடியேத்தம்', 'மருமகன் துபாய் போன வாரம்' என்று இருக்கும். 2016 கணக்கு வேண்டுமென்றால் அண்ணாச்சியின் குடும்ப வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் டேப் தம்பி வந்து சேர்ந்தான். இவனும் ஒரு ரகம். சென்னையில் டேட்டா சென்டரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, முதலாளியின் சொந்தக்காரன் என்ற முறையில் ஆலோசனை சொல்ல வருவான்.

"அண்ணாச்சி, இனிமே எல்டிஓ டேப். ஒன்பதாம் தலைமுறை. ஒரு கேட்ரிட்ஜில 18 டெராபைட். முப்பது வருஷம் கெடாது."

அண்ணாச்சிக்கு டேப் என்றால் கன்வென்ஷன் பிரசங்க கேசட். பென்சிலை விட்டுச் சுற்றியது, பூஞ்சை பிடித்தது, கடைசியில் தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டியது எல்லாம் கண்முன்னே வந்துபோயிற்று. "நாடாவா?" என்று மட்டும் கேட்டார்.

நாடாதான். அரை அங்குல அகலம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். தம்பி சொன்னதில் பொய் இல்லை. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு கோளாறு வந்து சிலருடைய மெயில் எல்லாம் மறைந்தபோது கூகுளே டேப்பிலிருந்துதான் மீட்டுக் கொடுத்தது. டிரைவிலிருந்து உருவி அலமாரியில் வைத்துவிட்ட கேட்ரிட்ஜை எந்த வைரஸும் எட்ட முடியாது. டெராபைட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் டிஸ்க்கைவிட மலிவு. ஆனால் அதில் எழுதவும் படிக்கவும் வேண்டிய டிரைவின் விலை லட்சக்கணக்கில். எங்கள் ஆபீஸின் மொத்தக் கணக்கோ 40 ஜிபி. சாளை மீன் குழம்புக்கு விசைப்படகு வாங்கச் சொல்கிற யோசனை.

அண்ணாச்சி விலைக்குப் போகவில்லை. வேறு இடத்தில் பிடித்தார். "சரி, இன்னைக்கு எழுதினதை என் பேரன் படிப்பானா?"

தம்பி கொஞ்சம் நெளிந்தான். ஒன்பதாம் தலைமுறை டிரைவ் எட்டாம் தலைமுறை டேப்பைப் படிக்கும், ஏழைப் படிக்காது.

"அப்போ அப்பன் எழுத்தை மகன் படிப்பான், பேரன் படிக்க மாட்டான். எங்க ஊரு போப்பையரு ஊரு, பாத்துக்கிடும். பனையோலை தெரியுமா உமக்கு?"

போப்பையர் சாயர்புரத்தில் இருந்தது 1840-களில். திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1886-ல். அதற்கு முன் 1812-ல்தான் குறள் முதன்முதலாக அச்சேறியது. அதுவரை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எல்லாம் ஓலை. ஓலை இருநூறு முந்நூறு வருஷத்தில் உளுத்துவிடும். அதற்குள் யாரோ ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து இன்னொரு ஓலையில் பெயர்த்து எழுதியிருக்கிறார். முக்கியமாக, எழுதுவதற்காகவாவது படித்திருக்கிறார். அண்ணாச்சி இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவருக்கு உறைக்க டிசம்பர் வர வேண்டியிருந்தது.

கொட்டேஷன் முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போயிற்று. தம்பி விடவில்லை. "டிஸ்க்கோ டேப்போ, ஒரு காப்பி வெளியூர்ல இருக்கணும்."

"அதெல்லாம் 2018-லயே நாசரேத்துல மச்சான்ட்ட ஒண்ணு குடுத்தாச்சு" என்றார் அண்ணாச்சி. இந்தக் கடற்கரையில் முத்துக்கோ சங்குக்கோ மூழ்குகிறவன் மேலே கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். அக்கா தாலி என்று ஒன்று இருக்கிறதே, தூங்கிவிட மாட்டான். டேட்டா சென்டர்காரர்களின் எந்த விதியையும்விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடியில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மேசையோடு முங்கிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலமே சாயர்புரம் போய்விட்ட டிஸ்க்கோ பரண்மேல் டிபன் பாக்ஸில் பத்திரம்.

தண்ணீர் வடிந்தபின் அண்ணாச்சி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வருகைதான். முதலாளியே எழுந்து நாற்காலி போட்டார். கர்ச்சீப் அவிழ்ந்தது. இரவல் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகியதும் விளக்கு எரிந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். 'கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்' என்ற ஃபோல்டருக்குள் போய் அண்ணாச்சி இரண்டு தட்டுத் தட்டினார். தேடுகிற ஃபைல் அந்த இடத்தில் இல்லை என்றது திரை. அதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம், எல்லாம் அப்படியே. தம்பி குனிந்து பார்த்தான். ஒவ்வொன்றும் 2 கேபி.

2019-ல் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு பையன் கணக்கு ஃபோல்டருக்கு முகப்பில் ஷார்ட்கட் போட்டுக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் காப்பி எடுத்தது அந்த ஷார்ட்கட்டை. வீட்டுக்குப் பதிலாக வீட்டு விலாசம் எழுதின சீட்டை, நாலு வருஷமாக, டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் சுமந்து, பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறார்.

ஆபீஸில் யாரும் பேசவில்லை. முதலாளிதான் மெதுவாகக் கேட்டார், அன்றைக்கே டேப் வாங்கியிருந்தால் என்று.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்கியிருந்தா அந்த ரெண்டு கேபி முப்பது வருசத்துக்குக் கெடாம இருந்திருக்கும், முதலாளி."

புதுக் கம்ப்யூட்டருக்கு முந்தின வருஷங்களின் கணக்கு டிஸ்க்கிலேயே இருந்தது; நாசரேத்துக் காப்பியும் வந்தது. மச்சான் அதை டிவிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம். மீதி நாலு வருஷத்து பில்களை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்ததிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, மூன்று பேர் உட்கார்ந்து பொங்கல் தாண்டியும் ஏற்றினோம். வரி கட்டச் சொல்லி விரட்டிய அரசாங்கம்தான் எங்களுக்குப் பேக்கப்.

அண்ணாச்சி இப்போதும் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறார், அதே மஞ்சப்பையோடு. ஆனால் கட்டுமுன் ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து வாசித்துவிட்டுத்தான் கர்ச்சீப்பை எடுக்கிறார். நீங்களும் உங்கள் டிஸ்க்கை ஒருதரம் செருகிப் பாருங்கள். ஃபோல்டர் படத்தின் கீழ் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று சின்னதாகத் தெரிந்தால், தயவுசெய்து அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரொம்பச் சந்தோஷப்படுவார்.