சீரம் மாமா

சென்னையில் லிஃப்ட் வைத்த எந்தக் குடியிருப்பிலும் ஒரு சீரம் மாமா இருப்பார். அறுபதைத் தாண்டியவர், தேசிய வங்கியில் முதுநிலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடையாளம் காண்பது சுலபம். லிஃப்டில் ஏறியதும் மற்றவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். இவர் கண்ணாடியைப் பார்ப்பார். அதிலும் முழு முகத்தைப் பார்க்க மாட்டார். தலையை ஒருக்களித்து வலது கண்ணின் வால் பகுதி, அப்புறம் இடது. மூன்றாம் மாடி வருவதற்குள் ஆய்வு முடிந்துவிடும்.

பிறவியிலேயே அழகுப் பிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். உத்தியோக காலம் முழுக்க குளியல் சோப்பு, குட்டிக்குரா பவுடர், திருநீறு, இவ்வளவுதான் அந்த முகம் கண்டது. வினை மகள் வழியாக வந்தது. அவள் மாசமாக இருப்பது தெரிந்ததும் டாக்டர், அவள் முகத்தில் தடவிவந்த ரெட்டினால் சீரம் கூடாது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறந்தகம் வந்தபோது முக்கால் பாட்டிலை இங்கேயே விட்டுப் போனாள். விலைச்சீட்டு மாமாவின் கண்ணில் பட்டது. மூவாயிரம் ரூபாய்ப் பண்டம் வீட்டில் சும்மா கிடப்பதா? போதாததற்குக் காலாவதி தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக, சிக்கனம்தான் அவரைச் செலவாளியாக்கியது.

இன்று அவர் குளியலறை அலமாரியில் மாமியின் மஞ்சள் கிழங்குக்கு இடமில்லை. கொரியாவிலிருந்து வந்த நத்தைச் சளி ஒரு குப்பியில் இருக்கிறது. அதை மாமியிடம் 'ஒருவித மூலிகை' என்று சொல்லி வைத்திருக்கிறார். வெங்காயமே சேராத வீட்டில் நத்தை குடியேறிய கதை இன்னும் வெளியே வரவில்லை.

இரவு ஒன்பதுக்கு அனுஷ்டானம் தொடங்கும். முகம் கழுவி, டோனர் தடவி, சீரம் இட்டு, அது ஊறும்வரை யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கடைசியாகக் கண் கிரீம். அதை மோதிர விரலால் ஒற்ற வேண்டுமாம். அந்த விரலுக்குத்தான் அழுத்தம் குறைவாம். வருஷத்துக்குச் சில நாள் பவித்திரம் போட மட்டும் பயன்பட்ட விரல் அது. இப்போது தினசரி வேலை கிடைத்து, அவர் கையிலேயே அதிகம் உழைக்கும் விரலாகிவிட்டது.

ஞாயிறுதோறும் ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே வெளிச்சத்தில், போனில் படம் எடுத்துப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"இங்க பாரு, இடது கண்ணோரம் ஒரு கோடு குறைஞ்சிருக்கு."

மாமி போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்ப்பாள். "கண்ணாடி போடாம பாத்தா எல்லாக் கோடும் குறைஞ்சுதான் இருக்கு. நீங்களும் கழட்டிட்டே பாருங்கோளேன். காசாவது மிஞ்சும்."

நியாயமாகச் சொன்னால், மாமா பார்ப்பது முழுக்கப் பிரமை இல்லை. இமைத்தோல் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. எண்ணெய்ச் சுரப்பியும் குறைவு. காய்ந்தால் உடனே கோடு விழும். ஹயலுரானிக் அமிலமோ கிளிசரினோ கலந்த எதைத் தடவினாலும் தோல் நீரைப் பிடித்து லேசாக உப்பும். நுண்ணிய கோடுகள் சில மணி நேரம் மறையும். இந்த உபகாரத்தை முகத்துக்குப் போடும் சாதாரண மாய்ஸ்சரைசரும் செய்யும். ஆனால் 15 மில்லி டப்பியில் அடைத்து 'கண்ணுக்கு மட்டும்' என்று எழுதினால்தான் மாமாவுக்கு மரியாதை வருகிறது. கொலாஜன் கிரீம் கதை இன்னும் விசேஷம். ஏறக்குறைய 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். கொலாஜனோ மூன்று லட்சம் டால்டன். மாமா தடவும் கொலாஜன் இரவு முழுக்க மேலேயே உட்கார்ந்திருந்து காலையில் தலையணை உறைக்குப் போய்ச் சேருகிறது. அந்த உறையில் சுருக்கமே இல்லை என்பதற்கு இஸ்திரிக்காரர் வேறு காரணம் சொல்வார்.

சரக்கு உள்ள சாமான் ஒன்று உண்டென்றால் அது மகள் விட்டுப்போன அந்த ரெட்டினால் வகைதான். இந்த வரலாற்றை மாமா பார்க் பெஞ்சில் சொல்ல ஆரம்பித்தால் நடக்க வந்தவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், பருவுக்கு ட்ரெட்டினோயின் என்ற மருந்தைக் கொடுத்த இடத்தில், கொஞ்சம் வயதான பெண்கள் 'பரு போனதோடு தோலும் வழவழப்பாகியிருக்கிறது' என்றார்கள். வெயிலில் மூத்த தோலில் அது என்ன செய்கிறது என்று 1986-ல் அவர் குழு எழுதியது. 1995-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மெல்லிய சுருக்கங்களுக்கும் அதை அனுமதித்தது. கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதன் சாதுவான தம்பி. தோலுக்குள் போய் மாறிய பிறகே வேலை செய்யும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதுவும் கொஞ்சம்தான்.

"ரெக்கரிங் டெபாசிட் மாதிரி சார். மாசாமாசம் போட்டுண்டே இருக்கணும். நடுவுல பாஸ்புக்கைப் பாக்கப்படாது" என்பார் மாமா. பிறத்தியாருக்குச் சொன்ன இந்த யோசனையைத் தானே கேட்டிருக்கலாம். பட்டாணி அளவு போதும் என்ற இடத்தில், நவராத்திரிக்குள் முதிர்வுத் தொகை வேண்டுமென்று, அப்பளத்துக்கு எண்ணெய் தடவுகிற தாராளத்தில் ராத்திரிக்கு ராத்திரி பூசினார். முகம் சிவந்து உரிந்தது. கொலுவுக்கு வந்த பெண்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு மாமியிடம் தணிந்த குரலில், "மாமாவுக்கு அம்மை இறங்கிடுத்தா?" என்று விசாரித்தார்கள். பத்து நாள் அவர் உள்ளறையிலேயே இருந்தார். அந்த வருஷம் கொலுப்படியில் வைக்காத ஒரே பொம்மை அவர்தான்.

இத்தனை பாடுபடும் மனிதர் காலை ஏழரைக்கு வெறும் முகத்தோடு நடக்கக் கிளம்புவார். ஒன்பதுக்குத் திரும்பி, பத்துக்கு ஸ்கூட்டரில் காய்கறி, பதினொன்றுக்கு வங்கி. பழைய சகாக்களைப் பார்த்துவிட்டு வர உச்சிப்பொழுது. ஏப்ரல், மே சென்னையில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். சன்ஸ்கிரீன் என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். அதில் இரண்டு கோடு கூடும். "பிசுபிசுன்னு இருக்கு. வேர்வையில வழிஞ்சு கண்ணெரியறது. தவிரவும் அதுல என்ன இருக்கு, மெடிக்கல் ஷாப்ல நானூறு ரூபாய்க்குக் கிடைக்கறது." கடைசி வாக்கியம்தான் உண்மையான ஆட்சேபம். மூவாயிரம் விலை வைத்திருந்தால் வேர்வையைப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் கவனித்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. இதை அவருக்குச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. "ஆஸ்திரேலியா வெயில் வேற சார்" என்று முடித்துவிட்டார். அமெரிக்க லாரி ஓட்டுநரின் படம் மட்டும் பிடித்துப்போயிற்று. 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் பனைமட்டையாய்ச் சுருங்கியிருக்கும் படம், 2012-ல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா ஏ கதிரைத் தடுப்பதில்லை என்பது பாடம். மாமா அதைக் குடியிருப்புக் குழுவுக்கு அனுப்பி, "நம்மூர்ல டிரைவர் வலப்பக்கம், ஆகவே வலது கன்னம்" என்று ஒரு திருத்தமும் சேர்த்து, கார் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். தன்னிடம் இருப்பது ஸ்கூட்டர், அதற்கு ஜன்னலே கிடையாது என்பதால் நிம்மதியாக இருக்கிறார்.

மாமியிடம் இருப்பது கறுப்புக் குடை. மழையோ வெயிலோ, பால் வாங்கப் போனாலும் கூடவே போகும். கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்து, "என்ன மாமி போடறேள்?" என்று கேட்பார்கள். மாமா முந்திக்கொண்டு, "எல்லாம் ஜீன்" என்று பதில் சொல்வார்.

போன மே மாதம் மாமி வடாம் பிழிந்தாள். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்தாயிற்று. காவல் பொறுப்பு மாமாவுக்கு. மணி பதினொன்றரை. "ஏன்னா, குடையை எடுத்துண்டு போங்கோ" என்று மாமி சொல்ல, மாமாவும் தட்டாமல் எடுத்துப் போனார். விரிக்கவில்லை. காக்கையை விரட்ட அதைவிட வாகான கோல் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இடைவிடாமல் ஓங்கிக்கொண்டிருந்தவருக்குப் போனில் ஒரு செய்தி வந்தது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு விளக்கு முகமூடி, சுருக்கத்துக்கு, பதினெட்டாயிரம், இன்று மட்டும் தள்ளுபடி. வெயிலில் திரை தெரியவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்துப் போனுக்கு மட்டும் நிழல் கொடுத்து, வாங்கும் பொத்தானைத் தேடினார். அது அகப்படுவதற்குள் இரண்டு காக்கைகள் ஒரு வரிசை வடாத்தைக் காலி பண்ணியிருந்தன.