கடலுக்கு எத்தனை புள்ளி?

தலைவர் மற்றும் அங்கத்தவர்கள்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
இல. 20, வார்ட் பிளேஸ்,
கொழும்பு 07.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் எங்களைத் தேடிச் சிரமப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, படம் அச்சடிப்பவர்கள் வழமையாக ஆணியடிக்கும் பக்கத்தில் கிடக்கிறோம்.

முதலில் பாராட்டு. 2001 முதல் தாங்கள் அனுமதிக்குப் பாவிக்கும் இசற் புள்ளி ஓர் அதிசயம். பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துத் தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை சுத்தமாக வருகிறது. பொற்கொல்லர் தராசுகூட இவ்வளவு துல்லியமில்லை. அப்படிப்பட்ட தராசில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் கிடக்கும் கடல் மட்டும் எப்படிப் பாரமே காட்டாமல் போனது என்பதுதான் என் தாழ்மையான சந்தேகம்.

தங்கள் அனுமதிக் கைநூலை ஒழுங்காகப் படித்தேன். கலைப் பிரிவு வேறு கதை. விஞ்ஞானம், வணிகம் போன்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டம் என்று வந்துவிட்டால் நெடுந்தீவுப் பிள்ளையும் யாழ் நகரத்துப் பிள்ளையும் ஒரே கட்சி. நகரத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்து ரியூஷனுக்குப் போகும். எங்கள் பிள்ளை படகேறி, ஒரு மணித்தியாலம் ஆடி, குறிகட்டுவானில் இறங்கி, 776 பஸ்ஸைப் பிடித்து, வேலணை, மண்டைதீவுச் சந்தியெல்லாம் கடந்து பட்டினம் சேர்கையில், நகரத்துப் பிள்ளை பாடம் முடிந்து வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும். அது போகட்டும், திரும்பிவரப் படகு வேண்டுமே. ஆகவே போய்வரும் கதையே இல்லை. பட்டினத்தில் அறை எடுக்க வேண்டும்.

அந்த அறையைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, கயிற்றில் காயும் வெள்ளைச் சீருடை. வாடகை, சாப்பாட்டுக் காசு, ரியூஷன் காசு. ரியூஷனும் பாடத்துக்கு ஒன்றோடு முடிவதில்லை. தியறிக்கு ஒரு வகுப்பு, பாஸ்பேப்பருக்கு ஒரு வகுப்பு, பரீட்சை நெருங்கினால் செமினார் என்று இன்னொன்று. கடலில் வலை இழுக்கும் தகப்பன் இரண்டு வருடம் இதைக் கட்ட வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு உதவ, தங்கள் கைநூலில் ஒரு பக்கம்கூட இல்லை.

உதவி பிறகு வரும். வராமல் விடாது. 1981இல் லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்து தொடக்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறதே! மாதம் 5,000 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். அதற்கு விதானையாரின் கையெழுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம், வருமான அத்தாட்சி. மீனவனின் வருமானத்தை எப்படி எழுதுவது என்று விதானையார் முழிப்பார். சோளகக் காற்றில் ஒரு கணக்கு, காற்று விழுந்தபின் இன்னொரு கணக்கு. படிவத்திலோ ஒரே ஒரு பெட்டி. எல்லாம் சரிவந்து பிள்ளை வளாகத்துக்குள் போன பிறகும் தவணைப் பணம் பிந்துவதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆக, பிள்ளை கரை சேர்ந்த பிறகு மிதவை எறிகிறீர்கள். அதையும் கொஞ்சம் ஆறுதலாகவே எறிகிறீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மகாபொல நிதிக்கு அபிவிருத்தி லொத்தர் இலாபத்திலிருந்து பங்கு போவது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சீட்டுச் சுரண்டி ஒன்றும் விழாமல் வீசிவிட்டுப் போகும் எங்கள் ஆட்கள், வருடக்கணக்காக நாட்டின் உயர்கல்விக்குப் பணம் கட்டி வந்திருக்கிறார்கள். ரசீதுதான் தரவில்லை.

தங்களை மட்டும் குறை சொல்வது நீதியல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோதும் யாழ்ப்பாணம் கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் தனக்குள்ளேயே ஒரு பின்தங்கிய மாவட்டம் கடலுக்கு அப்பால் கிடப்பதாக அந்த யாழ்ப்பாணம் நினைத்ததில்லை. நாங்கள் அவர்களுக்குத் ‘தீவார்’. சம்பந்தம் பேச வந்தால் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்லும் சொல். கொழும்பிடம் கேட்ட நீதியை அவர்களிடம் நாங்கள் கேட்டால், “அங்கே படிக்க ஆர் இருக்கினம்?” என்பார்கள். மெய்தான், கனபேர் இல்லை. இருந்தவர்கள் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டார்கள்.

போனவர்கள்தான் கைநூலில் விடுபட்ட நிதி நிறுவனம். அடுத்த பதிப்பில் ‘வெளிநாட்டு மாமா’ என்றொரு அத்தியாயம் சேர்க்கலாம். தகைமை: அம்மா வழியிலோ ஊர் வழியிலோ ஏதாவது ஓர் உறவு. நிபந்தனை: பொறியியலோ மருத்துவமோ என்றால் உடனே காசு, நுண்கலை என்றால் “யோசிச்சுச் சொல்லுறன் தம்பி.” ஊர்ச் சங்கங்களும் உண்டு. ஒரு சைக்கிளை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில், பத்தாவதாக ஓரத்தில் நிற்பதுதான் சைக்கிளைப் பெற்ற பிள்ளை. சிரிக்கலாம். ஆனால் அந்த ஒன்பது பேரும் இல்லையென்றால் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பல பிள்ளைகள் சாதாரண தரத்தோடு வீட்டில் நின்றிருக்கும்.

பரீட்சைக் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. அது தங்கள் இலாகா அல்ல, பரீட்சைத் திணைக்களத்தின் வேலை என்பது தெரியும். பக்கத்து மேசைக்குக் கடிதத்தைத் தள்ளிவிடுங்கள். முன்பு உயர்தரம் ஆகஸ்டில் நடந்தது. பிறகு அது வாடைக் காலத்துக்கு நகர்ந்தது. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சையை இரண்டு நாளில் அடைமழை நிறுத்தியது. டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். நாடு முழுக்க அன்று கொஞ்ச நாளுக்குத் தீவாக இருந்து பார்த்தது.

என் யோசனை இதுதான். இசற் புள்ளியோடு ‘கடற் புள்ளி’ ஒன்றைக் கூட்டுங்கள். நெடுந்தீவுக்குப் படகு ஓடாத நாட்களிலிருந்து வார்ட் பிளேசுக்குப் பஸ் ஓடாத நாட்களைக் கழித்து, அலையின் நியம விலகலால் வகுக்க வேண்டும். நாலு தசமம் போதும். அது கடினமென்றால் இரண்டு சின்ன வேலை: மகாபொலவை உயர்தர முதலாம் வருடத்திலிருந்தே கொடுங்கள்; மாவட்டத்துக்குள் பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

பின்னதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. அறிவித்த மறுநாளே பட்டினத்துப் பெற்றோர் இங்கே காணி தேடி வருவார்கள். பிள்ளை மூன்று வருடம் அந்த இடத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற தங்கள் விதியை நிறைவேற்ற, குடும்பத்தோடே வந்திருப்பார்கள். தயவுசெய்து தடுக்க வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் ரியூஷன் மாஸ்டர்மார் வருவார்கள், ஏ.ரி.எம். வரும், நல்ல இணையம் வரும். படகும் நேரத்துக்கு ஓடும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
நெடுந்தீவான் ஒருவன்