நான்காவது நிலை

எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு அளவாக வரத் தெரியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் பைப், மோட்டார் எதற்கும் காத்திராமல் நேராக ஹாலுக்கே வந்தது. 2019 கோடையில் வால்வையெல்லாம் திறந்துவைத்து லாரிக்காரருக்குப் போன் மேல் போன் போட்டாலும் வரவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்த வருஷம் அது.

எங்கள் வீட்டுப் பிரச்சினை இதைவிடச் சின்னது. போர் தண்ணீர் மொட்டைமாடி டேங்குக்கு ஏறி, வாசல் தென்னைக்காக மறுபடி இறங்கி வருவானேன்? கீழேயே பைப்பை வெட்டி ஒரு கிளை விட்டால் தீர்ந்தது.

சண்முகம் சாலைக் கடையில் மூன்று வழி வால்வு கேட்டேன். உள்ளே எல் வடிவத் துளை போட்ட குண்டு இருக்கும். ஒரு பக்கம் மூட மூட மறுபக்கம் திறக்கும் என்று விளக்கவும் செய்தேன். “அதெல்லாம் ஃபாக்டரி ஐட்டம் சார். ஒரு டீ, ரெண்டு பால் வால்வு போதும்” என்றார் கடைக்காரர். கூட வந்த பிளம்பரும் தலையாட்டினார்.

இரண்டு வால்வுக்கு நான்கு நிலை. மாடி மட்டும், தென்னை மட்டும், இரண்டும் திறப்பு: மூன்றும் க்ஷேமம். இரண்டும் மூடியிருந்தால் சப்மெர்சிபிள் அடியில் கிடந்து முக்கும். எந்த ஜாயிண்ட் அரைகுறையாக ஒட்டப்பட்டதோ அது முதலில் வாய் திறக்கும். “ரெண்டையும் யாரு சார் மூடப்போறாங்க?” என்றார் பிளம்பர். பாவம், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பவர்.

வெட்டிய பைப்புக்குள் உப்பு வளையம் வளையமாகப் படிந்திருந்தது. ஆஞ்சியோ படத்தைக் காட்டும் டாக்டர் போல அதை வீட்டார் அனைவருக்கும் காட்டினார். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. எங்கள் தெரு பல வருஷமாக அந்த ‘வேறு வழியே இல்லாவிட்டா’லில்தான் குடியிருக்கிறது. பிறகு பைப் முனையைத் துடைத்துச் சால்வெண்ட் தடவி, டீயைச் சொருகி, சாயந்திரம் வரை மோட்டாரைத் தொடக் கூடாது என்று உத்தரவிட்டுப் போனார். அதுவரை வீட்டில் யாருக்கும் தோன்றாத குளியல் ஆசை, அந்த நிமிஷமே எல்லோருக்கும் வந்துவிட்டது.

மறுவாரம் டேங்க் வழிகிறதென்று அம்மா மாடி வால்வை மூடினார். தென்னைக்குப் போதுமென்று மனைவி மற்றதை மூடினாள். தனித்தனியே இருவர் செய்ததும் சரிதான். மோட்டாரை நிறுத்துவது அடுத்தவர் வேலை என்று இருவருமே நினைத்தார்கள். பிய்த்துக்கொண்ட ஜாயிண்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்துத் தென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. திட்டமும் அதுதானே!

பிளம்பர் வந்து பார்த்து, மாடி வால்வைத் திறந்து அதன் கைப்பிடியைக் கழற்றினார். “இது தேவையே இல்ல சார். கீழ திறந்தா தண்ணி பள்ளத்துக்குத்தான் மொதல்ல ஓடும். மேல சும்மா திறந்தே கெடக்கட்டும்.”

தேவையே இல்லாத அந்த வால்வுக்கும் பில்லில் தனி வரி இருந்தது. கைப்பிடியை அம்மா தன் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேட்டால் தருவதில்லை.