டாடி கூழ்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

போனி எம் இசைக்குழுவைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு போதிய அளவு நடைபெறவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்ப முனைகிறது. (இந்த இரண்டு வாக்கியங்கள் இல்லாமல் எந்த ஆய்வேட்டையும் பைண்டிங்குக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.)

ஆய்வின் எல்லை: எண்பதுகளில் எங்கள் வீட்டு முன்னறையும் மொட்டைமாடியும். முதன்மைத் தரவு: 60 நிமிடக் கேசட் ஒன்று. தகவலாளர்: அண்ணன். ஆய்வு நெறி: ஞாபகம்.

போனி எம் அன்பர்களை மூவகையாகப் பகுக்கலாம். சொல் தெரிந்து பாடுவோர், சொல் தெரியாமல் பாடுவோர், ஆடுவோர். முதல் வகையினர் எங்கள் தெருவில் கிடைக்கவில்லை. இரண்டாம் வகை நான்.

இனி, மூலபாடம். அந்நாளில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால், நாலைந்து நாளில் பதிந்து தருவார்கள். அட்டையில் பாட்டின் பெயர்களைக் கடைக்காரரே பேனாவால் எழுதுவார். எங்கள் பிரதியில் ஏ பக்கத்து முதல் வரி, ஐயத்துக்கு இடமின்றி, 'டாடி கூழ்' என்றே காணப்படுகிறது.

1976இல் வெளிவந்த அப்பாட்டின் பெயர் 'டாடி கூல்' என்பது பொதுவழக்கு. லகரம் ழகரமானது ஏடெழுதுவோர் பிழை என்று எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு (அண்ணன், நேர்ப்பேச்சு, திண்ணை). அவர் கூற்றை ஏற்பதற்கில்லை. கடைக்காரர் 'பழம்', 'மழை' என வரும் வேறு கேசட்டுகளில் எல்லாம் லகரமே எழுதியவர். ழகரம் அறவே எழுதாத ஒருவர் ஓரிடத்தில் மட்டும் எழுதினார் என்றால் அது வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் (அண்ணன், மேலது, எதிர்வாதம், அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் முற்றுப்பெறவில்லை). மேலும், பதிவு நடந்தது ஆடி மாதம். கடைக்கு எதிரே மாரியம்மன் கோயில். அங்கே கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் (அண்ணனின் நண்பர், அண்ணன் வழியாக, தூக்கில் கூழ் வாங்கி வந்தவர் என்பதால் நேரடிச் சாட்சி). ஆக, அப்பாவுக்குக் கூழ் ஊற்றும் சடங்குப்பாடலே இது என்று துணியலாம். இவ்வழியே இன்னும் நான்கடி நடந்தால் ஜமைக்காவை ஜமக்காளத்தோடு முடிச்சுப்போட்டு, அங்கே பிறந்த இக்குழுப் பாடகிகளான லிஸ் மிட்செலையும் மார்சியா பாரெட்டையும் பவானிக்காரர்களாக்கிவிடலாம். அந்த வேலைக்குப் பட்டம் பெற்ற தகுதியாளர்கள் இருக்கிறார்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அடுத்தது ஆசிரியர் யார் என்னும் சிக்கல். இங்கே நான் பகடியை நிறுத்த வேண்டியிருக்கிறது. உண்மையே கூடுதலாகப் பகடி செய்கிறது. ஜெர்மானியரான ஃபிராங்க் ஃபாரியன், 1975இல் வெளிவந்த முதல் பாட்டைத் தாமே பாடிப் பதிந்தார். 'போனி' என்னும் பெயரை ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரிலிருந்து எடுத்துக்கொண்டார். டிவியில் காட்ட ஆள் தேவைப்பட்ட பிறகுதான் குழு சேர்ந்தது. அரூபாத் தீவில் பிறந்த பாபி ஃபாரெல் மேடையில் சுழன்று ஆடினார். இசைத்தட்டில் கேட்கும் அந்தக் கனத்த குரல் ஃபாரியனுடையது. குழுவிலிருந்த மெய்சி வில்லியம்ஸின் குரலும் அப்பதிவுகளில் இல்லை. நால்வரில் இருவர் வாயசைத்தவர்கள்.

எங்கள் அண்ணன் மொட்டைமாடியில் சட்டைப் பொத்தானை எல்லாம் கழற்றிவிட்டு, டார்ச் லைட்டை மைக்காகப் பிடித்து வாயசைத்தார். 'பாடாமல் ஆடுகிறான் பார்' என்று சித்தப்பா சிரித்தார். பாபியின் கலையை அவ்வளவு துல்லியமாகப் பின்பற்றியவர் வேறு எவர்? சித்தப்பா தரவுகளைச் சரிபார்க்காமல் பேசிவிட்டார்.

பாபி 2010 டிசம்பர் 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். போனி எம் பாட்டாக்கிய ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், 1916இல், புதிய நாட்காட்டிப்படி அதே டிசம்பர் 30. தொலைபேசியில் சொன்னபோது அண்ணன் கொஞ்சநேரம் பேசவில்லை. (மௌனத்தை மேற்கோள் காட்டும் முறை எந்தக் கையேட்டிலும் இல்லை.)

இறுதியாக, பிரதியின் இன்றைய நிலை. அழியக் கூடாதென்று கேசட்டின் மேல்விளிம்புத் தடுப்புகளை அண்ணன் உடைத்து வைத்திருந்தார். அவர் விடுதிக்குப் போன வருஷம், அம்மா அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துச் செருகி, பக்கத்து வீட்டிலிருந்து சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தைப் பதிந்துகொண்டார். சகோதரிகள் இருவரும் சொந்தக் குரலில் பாடியவர்கள் என்பதை ஒப்பீட்டு நோக்கில் குறித்துவைக்கலாம். ஆனால் கவசம் சுமார் 20 நிமிடம். கேசட்டின் ஒரு பக்கமோ 30. எனவே செவ்வாய்தோறும் கவசம் முடிந்ததும், 'ரஸ்புடின்' பாதியிலிருந்து தொடங்கும். கையில் கற்பூரத் தட்டு இருந்ததால் அம்மாவால் நிறுத்த முடிந்ததில்லை. மற்றக் கையில் இருந்த மணி அந்தத் தாளத்துக்கே ஆடியது என்பது என் கண்டுபிடிப்பு (அம்மா, கடும் மறுப்பு, பூஜையறை).