சூடேறாத் துணியுலர்த்தி இயல்: புதுச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

சுழலும்; இரையும்; முகப்பில் விளக்கும் எரியும்; சூடு மட்டும் வாராது. துணியுலர்த்திக்கு வரும் நோய்களுள் இதுவே தலையாயது என்பது இவ்வாய்வின் கருதுகோள். சுழலாத எந்திரத்துக்கு அன்றைக்கே ஆள் கூப்பிட்டுவிடுகிறோம். சூடேறாத எந்திரமோ வேலை செய்வதுபோலவே இருந்துகொண்டு, வீட்டாரின் நம்பிக்கையையும் மின்சாரத்தையும் சேர்த்து உறிஞ்சும்.

மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டென உய்த்துணர்வது தருக்க நூலார் வழி. புதுச்சேரிக் குருசுக்குப்பத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சொல்தா வீட்டில், இரைச்சலைக் கேட்டு உள்ளே சூடு உண்டென உய்த்துணர்ந்தார்கள். தருக்க நூலார் இதை ஏதுப்போலி என்பர். அந்த வீட்டு அம்மா, "சனியன், போட்டது போட்டபடி ஈரமாவே இருக்கு" என்றார். முடிபு ஒன்றே.

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். மேற்படி சொல்தா, பிரான்சை விட்டுக் கிளம்பும்போது கட்டில், பீரோ, காப்பி எந்திரம் எல்லாவற்றோடும் துணியுலர்த்தியையும் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிட்டார். வந்திறங்கிய அன்று அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு, "வெயில் காயிற ஊருக்கு இது எதுக்கு?" என்று கேட்டார்கள். கேட்டது சித்திரை மாதம்.

மின்சார வகையில் அந்த எந்திரத்துக்கு இங்கே குடியேற்றச் சிக்கல் ஏதுமில்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கும் அதே. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. மின்னழுத்தத்தில் மட்டும் இரு நாட்டுக்கும் இன்றுவரை ஒற்றுமை குலையவில்லை. தகராறெல்லாம் பிளக்கின் முள்ளில்தான். சூடேற்றும்போது உலர்த்தி 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மலிவு அடாப்டர் அதைத் தாங்காது, உருகும். பிளக்கையே வெட்டிவிட்டு 16 ஆம்பியர் பிளக் மாட்டுவதே முறை.

முன்னோர் மொழிந்தவை

உலர்த்தி வரலாறு எழுதுகிறவர்கள் 1800-ஐ ஒட்டி வாழ்ந்த போஷோன் என்னும் பிரெஞ்சுக்காரரிலிருந்து தொடங்குவது மரபு. துளையிட்ட உலோக உருளைக்குள் துணியைத் திணித்து, நெருப்பின்மேல் வைத்துக் கையால் சுற்றியவர் அவர். துணி காய்ந்தது, கூடவே புகை வாடையும் கரியும் ஏறின. 1892-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் சாம்ப்சன், அடுப்பருகே சட்டம் அமைத்துத் துணி தொங்கவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1938-இல் ராஸ் மூர் வடிவமைத்த மின் உலர்த்தி விற்பனைக்கு வந்தது. மூரின் ஊர் நார்த் டகோட்டா. அங்கே பனிக்காலத்தில் கொடியில் போட்ட சட்டை விறைத்துப் பலகையாகிவிடும். ஆகவே அவருக்குப் பகை குளிர்.

இவ்வரிசையில் விடுபட்டவர் நம் வீட்டுப் பாட்டி. பிள்ளை பெற்ற வீட்டில், மழைக்காலத்தில், கங்குச் சட்டியின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின்மேல் குழந்தையின் துண்டுத் துணிகளை விரித்து, ஒரு சிட்டிகை சாம்பிராணியும் தூவுவார். போஷோனுக்கு உருளை சுற்ற வேண்டியிருந்தது. பாட்டி கூடையை அசையவிடாமல் துணியைத் திருப்பிப் போட்டார். புகை வாடை இரண்டிலும் உண்டு. பாட்டியுடையது மணந்தது. காப்புரிமை கேட்டு அவர் எங்கும் போகவில்லை.

சூரியனைப் பற்றி

ஆண்டில் பெரும்பகுதியும் புதுச்சேரியின் துணியுலர்த்தி மொட்டை மாடிதான். இயக்கும் ஆற்றல் சூரியன், வடிகட்டி தேவையில்லை, உதிரிப் பாகம் கிளிப் ஒன்றே. ஐப்பசி பிறந்தால் இதுவும் அதே நோயில் விழும். வானம் இருக்கும், காற்று வீசும், சூடு வாராது. ஊரின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, மறுநாள் காலைவரையிலான 24 மணி நேரத்தில் 46 செ.மீ. கொட்டியது. அந்த வாரம் துவைத்த போர்வைகள் எப்போது காய்ந்தன என்பதற்கு ஆவணம் கிடையாது. வானிலைத் துறையினர் பதிவது பெய்த நீரைத்தான். போகாத நீரை யார் பதிவார்?

புதுச்சேரிச் சூரியனை நம்பி மோசம் போனவர்களுள் மிகப் பெரியவர் ஒரு வானியலாளர். பெயர் கியோம் லெ ஜந்தி. 1761-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்கப் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வரும் வழியிலேயே ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளவுக்கு உதவவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். பிரான்சுக்குத் திரும்பாமல் எட்டாண்டு இந்தப் பக்கமே இருந்தார். பிறகு புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகைமேல் ஆய்வுக்கூடம் கட்டினார். மே மாதம் முழுக்க வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஜூன் 4 காலை, கடப்பு நடக்கும் நேரம் பார்த்து மேகம் மூடியது. முடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. பிறகு அவர் ஊர் திரும்பினால், செத்துப்போனதாக முடிவு கட்டிச் சொத்தையும் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

கொடியில் போட்ட துணியை எடுக்கலாமா விடலாமா என்று மாடிப்படியில் நிற்கும் எந்தப் புதுச்சேரி இல்லத்தரசிக்கும் லெ ஜந்தியின் மனநிலை விளங்கும். இதே ஊரில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிப்பு முறையை அவர் கற்றார் என்பதும், 1765 சந்திர கிரகணத்தின் நீளத்தில் அந்த முறை பிழைத்தது 41 நொடிதான், ஐரோப்பாவின் மாயர் அட்டவணை பிழைத்தது 68 நொடி என்று அவரே ஒத்துக்கொண்டார் என்பதும் இங்கே கருதத்தக்கன. நிலவு மறையும் நேரத்தை நிமிடத்துக்குள் கணித்த ஊர் இது. நனைந்த ஜீன்ஸ் காயும் நேரம் இன்னும் கணக்கில் அகப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். கினே என்னும் நீலத் துணியைப் புதுச்சேரி செனகல் வரைக்கும் ஏற்றுமதி செய்தது. அங்கே கருவேலம் பிசினுக்கு ஈடாக அதைப் பணம் போலவே கொடுத்து வாங்கினார்கள். 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு மில், 2020-இல் மூடப்படும் முன், நெடுங்காலம் ஊரில் சங்கு ஊதிற்று. துணியை நெய்து, சாயமேற்றி, கடல் கடத்திய ஊருக்குக் கார்த்திகையில் ஒரு துண்டைக் காயவைக்க முடியவில்லை என்பது பொருளாதார வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

தடையும் விடையும்

தடை: உலர்த்தியில் சூடு இல்லாவிட்டால் என்ன, காற்று வருகிறதே, காற்றில் துணி காயாதா?

விடை: காயும், காற்றுக்குத் தாகம் இருந்தால். ஐப்பசிக் குருசுக்குப்பத்துக் காற்று ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவது. 26 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அந்தக் காற்றையே 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி கூடாமல் குறையாமல், ஈரப்பதம் மட்டும் 15 விழுக்காட்டளவுக்கு இறங்கும். சூடு செய்யும் முதல் வேலை துணியைச் சுடுவதன்று, காற்றுக்குத் தாகம் உண்டாக்குவது. இரண்டாம் வேலை, நீரை ஆவியாக்கும் கூலி. லிட்டர் ஒன்றுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்தின் வெப்பம் அதற்கு வேண்டும். ஓர் ஈடு துணியில் மூன்று லிட்டர் நீர் இருந்தால் இரண்டு யூனிட். இதை மாடியில் சூரியன் ஓசியில் செய்துவந்ததால்தான் நமக்குக் கணக்குத் தெரியாமல் போயிற்று. சூடில்லாத உலர்த்தி, ஈரத் துணியை ஈரக் காற்றில் உருட்டி விளையாடும், அவ்வளவே.

தடை: பெரும்பாலான வீடுகளில் வாஷிங் மிஷினோடு ஒட்டியிருக்கும் டிரையர் சூடே இல்லாமல்தானே வேலை செய்கிறது?

விடை: அது பிழிவது. நீரை உதறும், ஆவியாக்காது. அதிலிருந்து எடுத்த துணியைக் கொடியில் போடாமல் மடித்து வைத்தவர் யாருமில்லை.

சொல்தா வீட்டில் சூடு நின்ற நாட்களில் கையாண்ட மாற்று வழிகளையும் இவ்வாய்வு தொகுத்துள்ளது. கூடத்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை வளைத்துப் போட்டுக் கைலிகளை விரித்தார்கள். விசிறி காற்றின் ஈரத்தைக் குறைக்காது, துணியை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தை விலக்கும். ஆகையால் பயன் உண்டு, விருந்தாளிக்கு உட்கார இடம் இல்லை. பேரனின் பள்ளிக்கூடக் காலுறைகள் இன்வெர்ட்டர்மேல் ஏறின. உள்ளாடைகள் பிரிட்ஜின் பின்புறக் கம்பிவலையில். இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை விரட்டப் பார்த்ததில் சட்டைக் காலர் ஒன்று மஞ்சளாயிற்று. நான்காம் நாள் வீடு முழுக்க மக்கின வாடை. இதற்குக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் நுண்ணுயிர் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். "மொராக்செல்லாவோ மண்ணாங்கட்டியோ, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. ஆய்வு நெறியில் இது திருப்புமுனை.

களப்பணி

மெக்கானிக் வந்து முதலில் செய்தது பிளக்கைப் பிடுங்கியது. பிறகு பின்தகட்டின் திருகுகளைக் கழற்றி, மல்டிமீட்டரைக் காயிலின் இரு முனையில் வைத்தார். 26 ஓம் காட்டியது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 2000 வாட்டுக்குச் சற்றுமேல் வரும். ஆக, காயில் நலம். அடுத்து, காயில் பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டிருந்த காசளவுத் தெர்மோஸ்டாட்டில் வைத்தார். மீட்டர் பீப் அடிக்கவில்லை.

"சார், கன்டினியூட்டி இல்ல. இது கட் ஆனா மோட்டார் ஓடும், காயிலுக்குக் கரண்ட் போகாது. டைரக்ட் கொடுத்துடவா?"

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். டைரக்ட் கொடுப்பது என்றால் காவல் உறுப்பை ஒதுக்கிவிட்டு வயரை நேரே முறுக்கி விடுவது. மிக்ஸி, மோட்டார், குழல்விளக்கு என்று நம் பழுதுநீக்கும் மரபில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. உலர்த்தியில் மட்டும் கூடவே கூடாது. உள்ளே பஞ்சு, பக்கத்தில் 2000 வாட் நெருப்பு. அளவுமீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கக் கடைசிக் காவலாக இருப்பது அந்தக் காசளவு உறுப்பே.

சொல்தா யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. "தீப்புடிச்சா நீ வந்து அணைப்பியா தம்பி? ஏன் கட் ஆச்சுன்னு பாரு."

அந்தத் தெர்மோஸ்டாட்டின் நடுவில் மிளகளவு சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தியதும் 'டிக்' என்றது. மீட்டரும் பீப் அடித்தது. ஐரோப்பிய உலர்த்திகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. இல்லாதவற்றில் தெர்மல் ஃபியூஸ் என்னும் ஒருமுறை உறுப்பு இருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பொத்தானை அழுத்தியதோடு போனால், இரண்டாம் ஈட்டில் மறுபடி கட் ஆகும். சூடு வெளியேற வழியில்லாமல்தான் அது விழுந்தது. வழியை அடைத்தது எது?

கதவருகே இருந்த வடிகட்டியை உருவினார். கம்பளி போல் திரண்ட படலம் ஒன்று முழுசாக உரிந்து வந்தது. மேலோட்டமாகச் சாம்பல் நிறம்; பிரித்துப் பார்த்தால் கைலியின் நீலம், பள்ளிச் சீருடையின் மரூன், நடுவில் வெளுத்துப்போன ஒரு மருந்துக்கடைச் சீட்டு, அரிசி மணி, நரைமுடி. அந்தக் குடும்பத்தின் ஓராண்டை அதில் படிக்கலாம். கீழே நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரை வெளியே இழுத்தபோது, அதன் தகட்டிடுக்கெல்லாம் அதே பஞ்சு நனைந்து அப்பியிருந்தது. முற்றத்துக் குழாயடியில் வைத்துக் கழுவக் கழுவச் சாம்பல் நீராக ஓடிற்று. காயிலுக்குப் போகும் வயரின் லக் ஒன்று பச்சை பூத்துக் கருகத் தொடங்கியிருந்ததையும் கண்டு, வெட்டிப் புதிது மாட்டினார். அது உப்புக்காற்றின் கைவரிசை.

மாட்டி ஓடவிட்டார்கள். கால்மணி நேரத்தில் கதவுக் கண்ணாடி கையில் சுட்டது.

நோயின் காரணம் பற்றி இரு பள்ளிகள் உள்ளன. வடிகட்டியை ஒவ்வொரு ஈட்டுக்கும் துடைக்க வேண்டும், துடைக்க வேண்டியவர் வாங்கி வந்தவரே, அவர் துடைக்காததே காரணம் என்பது அம்மாவின் கொள்கை. கடற்காற்றும் உப்பும்தான் காரணம், பிரான்சில் பத்தாண்டு ஓடிய எந்திரத்துக்கு இங்கே வந்தபிறகே நோய் வந்தது என்பது சொல்தாவின் மறுப்பு. அங்கே துடைத்தது யார் என்ற அம்மாவின் எதிர்வினாவுக்கு மறுமொழி பதிவாகவில்லை. மூன்றாம் தரப்பான மெக்கானிக், கூலியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு, இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று தீர்ப்பளித்தார். வடிகட்டியை இனி யார் துடைப்பது என்பதில் அவ்வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து எட்டப்படாததால், போகும்போது பின்தகட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் அம்புக்குறி வரைந்து, சிவப்புப் பொத்தான் இங்கே என்று எழுதிவிட்டுப் போனார்.